முழங்கையை நீட்டியவர்களுக்காக ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அமெரிக்கக் கருவூலத் துறையின் வெளிநாட்டுச் சொத்துக் கட்டுப்பாட்டு அலுவலகம், வாஷிங்டன்
மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகம், நியூயார்க்
கியூபா பேஸ்பால் கூட்டமைப்பு, ஹவானா

உங்கள் மூவருக்கும் ஒரே மடலாக எழுதுகிறேன். தனித்தனியாக எழுதினால் ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் கைகாட்டுவீர்கள். பேஸ்பாலில் இப்படி நடக்கும்: பந்து வானத்துக்கு எழும்பும், கீழே மூன்று பேர் ஓடி வருவார்கள், 'நீ பிடி', 'நீ பிடி' என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள், பந்து நடுவில் புல்லில் விழும். மைதானத்தில் அதைப் பார்த்துச் சிரிக்கலாம். உங்கள் மூவருக்கும் நடுவே விழுந்துகொண்டிருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

2018 டிசம்பரில் அமெரிக்காவின் உச்ச பேஸ்பால் லீகான மேஜர் லீக் பேஸ்பாலும், அதன் ஆட்டக்காரர் சங்கமும், கியூபா கூட்டமைப்பும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. கியூபா ஆட்டக்காரர் முறையாக விசா வாங்கி, விமானத்தில் வந்து, அமெரிக்கக் கிளப்பில் ஆடி, சீசன் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பலாம் என்றது அது. 2019 ஏப்ரல் தொடக்கத்தில் கூட்டமைப்பு 34 பேர் கொண்ட முதல் பட்டியலையும் கொடுத்தது. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 8-ஆம் தேதி வாஷிங்டன் அதை ரத்து செய்துவிட்டது. அந்த ரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

நான் யார் என்று கேட்பீர்கள். கிரிக்கெட் பார்த்து வளர்ந்த தமிழ்ப் பெண். ஹூஸ்டனில் குடியிருக்கிறேன். மகன் எட்டு வயதில் பேஸ்பால் ஆடப் போனான். வெயிலில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் யாரோ நீட்டிய ஸ்கோர் புத்தகத்தை வாங்கினேன். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

ஸ்கோர் எழுதுகிறவளுக்கு ஆட்டக்காரரின் பெயரைவிட எண்தான் முக்கியம். பந்து வீசுகிறவர் 1, கேட்சர் 2, முதல் தளம் 3, இரண்டாம் தளம் 4, மூன்றாம் தளம் 5, ஷார்ட்ஸ்டாப் 6, வெளிமைதானத்தின் மூன்று பேரும் 7, 8, 9. பெரும்பாலானவர்கள் ஒரே எண்ணோடு வந்து அதே எண்ணோடு வீட்டுக்குப் போவார்கள். யூட்டிலிட்டி இன்ஃபீல்டர் அப்படியில்லை. நேற்று 4, இன்று 6, ஏழாவது இன்னிங்ஸில் 5, யாருக்காவது கால் பிசகினால் 7. ரப்பரால் அழித்து அழித்தே அவருடைய கட்டத்தில் காகிதம் கிழிந்துவிடும். கல்யாண வீட்டில் பரிமாறவும் பந்தல்காரரோடு பேசவும் பாட்டியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் ஒரு சித்தப்பாவைக் கூப்பிடுவோமே, அந்த ரகம். குரூப் போட்டோ எடுக்கும்போது அவர் சோடா வாங்கப் போயிருப்பார்.

இந்த வேலைக்குக் கியூபா அனுப்பிய ஆட்களின் வரிசை பெரியது. பெர்ட் கம்பானெரிஸ் அசல் ஷார்ட்ஸ்டாப்தான், ஆனாலும் 1965 செப்டம்பர் 8 அன்று கேன்சஸ் சிட்டி அணிக்காக ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நின்று காட்டினார். ஹவானாவில் பிறந்த குக்கி ரோஹாஸ் தன் ஆட்ட வாழ்க்கைக்குள் ஒன்பது இடங்களையும் பார்த்துவிட்டார். சிக்கோ ரூயிஸ் என்று ஒருவர். 1964 செப்டம்பர் 21 அன்று சின்சினாட்டிக்காக ஆடியபோது, ஃப்ராங்க் ராபின்சன் பேட்டோடு நிற்கையிலேயே மூன்றாம் தளத்திலிருந்து ஓடி வந்து ஹோம் தளத்தைத் திருடினார், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே ஒரு ரன் எடுத்தார். ஆட்டம் 1-0 என்று முடிந்தது. முதலிடத்தில் இருந்த ஃபிலடெல்ஃபியா அன்று தொடங்கித் தொடர்ந்து பத்து ஆட்டங்கள் தோற்று, கைக்கு வந்த பட்டத்தை இழந்தது. அதே ரூயிஸைப் பின்னால் ஒரு சமயம் சில நாட்கள் தொடர்ந்து ஆட வைத்தபோது அவர் நிர்வாகத்திடம் சொன்னது: 'என்னை பெஞ்சில் உட்கார வையுங்கள், இல்லையென்றால் வேறு அணிக்கு விற்றுவிடுங்கள்.' பெஞ்சில் இருப்பதையே தொழிலாகக் கொண்டவருக்குத்தான் இப்படி ஒரு நகைச்சுவை வாய்க்கும்.

இவர்களைப் பற்றி எனக்குச் சொல்லித் தந்தது எங்கள் பிள்ளைகளின் கோச். அவரும் கியூபாக்காரர், அவரும் யூட்டிலிட்டி. பெயர் போடாதீர்கள் என்றார், போடவில்லை. பகலில் ஏசி மெக்கானிக். ஹூஸ்டனின் ஆகஸ்டில் ஏசி மெக்கானிக்குக்குக் கிடைக்கும் மரியாதை ஆல்-ஸ்டார் ஆட்டக்காரருக்குக் கிடைக்காது என்பார். இருபத்திரண்டு வயதில், வெளிநாட்டில் ஒரு போட்டித் தொடருக்குப் போன இடத்தில், ஓட்டலின் பின்படிக்கட்டு வழியாக இறங்கித் தப்பினாராம். தோளில் ஒரு பை, உள்ளே ஒரு கிளவுஸ், இரண்டு சட்டை. பிறகு முன்பின் தெரியாத ஒரு நாட்டில் பத்தொன்பது மாதம் காத்திருந்தார். சேர்த்துக்கொண்ட கிளப் கொடுத்த சின்னத் தொகையில், அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் பங்கு எடுத்துக்கொண்டார்கள். டபுள்-ஏ அளவில், அதாவது மேஜர் லீகுக்கு இரண்டு படி கீழே, மூன்று வருடம் பஸ்ஸில் அலைந்தார். ஒரு வசந்த காலத்தில், பயிற்சி முகாமின் கடைசி வாரத்தில், அறைக்குள் கூப்பிட்டு நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். 'கேட்சரைத் தவிர எல்லா இடத்திலும் ஆடினேன். கேட்சரையும் கற்றிருக்கலாம்' என்று ஒருநாள் சொன்னார். கிண்டலாகச் சொன்னாரா, வருத்தமாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

ஹவானாவில் இருப்பவர்களே, அடுத்த பகுதி உங்களுக்கு. உங்கள் நாட்டின் விதிப்படி அணியை விட்டுப் போன ஆட்டக்காரர் எட்டு வருடம் முடியும் முன் ஊருக்குள் கால் வைக்க முடியாது. கோச்சின் அம்மா இறந்தபோது அந்த எட்டு வருடம் முடியப் பதினோரு மாதம் பாக்கி இருந்தது. அடக்கத்தைக் கைபேசியில் பார்த்தார். பாதியில் தொடர்பு அறுந்துபோனது. அந்தச் சனிக்கிழமை பயிற்சி நடக்காது என்று நினைத்துத்தான் மைதானத்துக்குப் போனோம். அவர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார். பிள்ளைகளுக்குத் தரையில் உருளும் பந்துகளை அடித்துக்கொண்டே இருந்தார். வழக்கமாக இரண்டு வாளிப் பந்து, அன்று ஐந்து. ஒரு குழந்தைகூட 'போதும் கோச்' என்று சொல்லவில்லை.

இது பெயர் இல்லாத ஒருவரின் கதை, நம்ப மாட்டீர்கள். பெயர் உள்ளவர் ஒருவரைச் சொல்கிறேன். அவருடைய கோப்பு உங்கள் மூவரிடமும் இருக்கும்.

அலெட்மிஸ் டியாஸ். 1990 ஆகஸ்ட் 1 அன்று சாந்தா கிளாராவில் பிறந்தவர். கியூபாவின் தேசியத் தொடரில் வில்லா கிளாரா அணிக்கு ஷார்ட்ஸ்டாப். 2012-இல் நெதர்லாந்தில் ஒரு போட்டித் தொடருக்குப் போன இடத்தில் அணியை விட்டு விலகினார். அடுத்த சீசனில், 2013-இல், வில்லா கிளாரா தேசியச் சாம்பியன் ஆனது. சொந்த ஊர்ப் பட்டம் வாங்கிய அந்த வருடம் அவர் எந்த அணியிலும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

ஏன் உட்கார்ந்திருந்தார்? அந்தக் காலத்து விதிப்படி, 23 வயது ஆகாத வெளிநாட்டு ஆட்டக்காரருக்குக் கிளப்கள் தரக்கூடிய பணத்துக்கு வரம்பு இருந்தது. டியாஸ் தன் பிறந்த தேதியை 1990 ஜனவரி 8 என்று சொன்னார். உலகமெங்கும் விளையாட்டுக்காரர்கள் வயதைக் குறைத்துத்தான் சொல்வார்கள். ஏழு மாதம் கூட்டிச் சொன்ன மனிதர் இவர். (1/8/90 என்று எழுதினால் கியூபாவிலும் எங்கள் ஊரிலும் ஆகஸ்ட் 1, அமெரிக்காவில் ஜனவரி 8. இதைக் கவனித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.) பொய் பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். மேஜர் லீக் நிர்வாகம் அவர் 2014 பிப்ரவரி 19 வரை யாரோடும் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று தடை போட்டது. ஆக, 2012 கோடையிலிருந்து 2014 வசந்தம் வரை, ஓர் இன்ஃபீல்டரின் கால்கள் மிக வேகமாக ஓடும் வயதில், அவருக்கு ஆட்டமே இல்லை.

ஆணையர் அலுவலகத்தாரே, அந்தப் பொய்யை யார் பெற்றெடுத்தது என்றும் யோசியுங்கள். பிறப்புச் சான்றிதழை ஹவானாவிலிருந்து முறையாக அனுப்பும் வழி இருந்திருந்தால் அந்தத் தேதியை மாற்றிச் சொல்ல யாருக்கும் வாய்ப்பே வந்திருக்காது. திருட்டுத்தனமாக மட்டுமே வர முடியும் என்று வாசலை அமைத்துவிட்டு, உள்ளே வந்தவரின் காகிதம் நேராக இல்லை என்று கோபப்பட்டால் எப்படி?

சரி, 2014 மார்ச்சில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அவரை நான்கு வருடத்துக்கு 80 லட்சம் டாலருக்கு எடுத்தது. எனக்கு அது எட்டாத தொகை. அந்த உலகத்தில் அது சுமாரான தொகை. இரண்டு வருடம் பேட் பிடிக்காத உடம்பு உடனே ஒத்துழைக்கவில்லை. 2015 ஜூலையில் கார்டினல்ஸ் அவரைத் தன் 40 பேர் கொண்ட முதன்மைப் பட்டியலிலிருந்து நீக்கியது. அந்த நாட்களில் மற்ற 29 கிளப்களில் எதுவும் அவரை இலவசமாக எடுத்துக்கொண்டிருக்கலாம். ஒன்றுகூட எடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததுதான் பேஸ்பால். 2016 தொடக்கத்தில் கார்டினல்ஸின் ஷார்ட்ஸ்டாப்புக்குக் காயம், அவருக்குப் பதிலாகக் கொண்டுவந்தவருக்கும் காயம். வேறு வழியின்றி டியாஸைக் கூப்பிட்டார்கள். அந்த வருடம் 111 ஆட்டம், சராசரி .300, 17 ஹோம் ரன், முதல் வருடத்திலேயே ஆல்-ஸ்டார். ஒரு வருடம் முன்பு யாருக்கும் வேண்டாதவர்.

அதே வருடம் செப்டம்பர் 25-இல் மயாமி கடற்கரைக்கு அருகே படகு விபத்தில் ஹொசே ஃபெர்னாண்டஸ் இறந்தார். 24 வயது, மயாமி அணியின் நட்சத்திரப் பந்துவீச்சாளர், அவரும் சாந்தா கிளாராக்காரர். இருவரும் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள். டியாஸ் மயாமிக்குப் போய் நண்பனின் வீட்டாரைப் பார்த்துவிட்டு வந்து, 27-ஆம் தேதி ஆடினார். தளங்கள் மூன்றும் நிறைந்திருந்தபோது பந்தை வேலிக்கு அப்பால் அடித்தார், அவருடைய முதல் கிராண்ட் ஸ்லாம். அந்தத் தெருவில் பந்து விளையாடிய இரண்டு பையன்கள் மறுபடி ஒரே நாட்டில் இருப்பதற்கு இருவரும் தனித்தனியாகத் தப்பி வரவேண்டியிருந்தது. ஒருவன் செத்த பிறகு இன்னொருவன் துக்கம் கேட்கப் போனதும் அதே அந்நிய நாட்டுக்குள்தான்.

2017-இல் சறுக்கினார், கீழ்மட்ட அணிக்கு அனுப்பினார்கள். அந்த டிசம்பரில் டொரண்டோவுக்கு மாற்றினார்கள், அங்கே 18 ஹோம் ரன் அடித்தார். 2018 நவம்பரில் எங்கள் ஊர் ஆஸ்ட்ரோஸுக்கு வந்தார். ஹூஸ்டனில்தான் அவர் முழு யூட்டிலிட்டி ஆனார்: 3, 4, 5, 6, 7, எல்லா எண்ணும். என் மகன் டிவி முன்னால் உட்கார்ந்து, இன்று டியாஸ் எங்கே நிற்பார் என்று பந்தயம் கட்டுவான். பெரும்பாலும் நான் தோற்பேன்.

2022 அக்டோபர் 28. மேஜர் லீகின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் முதல் ஆட்டம், ஃபிலடெல்ஃபியாவோடு. கோச்சின் கராஜில், ஏசி உதிரி பாகங்களுக்கு நடுவே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். 5-0 என்று முன்னால் இருந்த ஆஸ்ட்ரோஸ் கோட்டை விட்டு, பத்தாவது இன்னிங்ஸில் 5-6 என்று பின்தங்கியது. ஆஸ்ட்ரோஸ் பேட் பிடித்த கீழ்ப்பாதியில் இரண்டு அவுட். இரண்டாம், மூன்றாம் தளங்களில் ஆட்கள். இரண்டாம் தளத்தில் நின்றவரும் கியூபாக்காரர்தான், யூலி குரியல். பெஞ்சிலிருந்து எழுந்து பேட் பிடிக்க வந்தவர் டியாஸ்.

பந்து உள்ளே வந்தது, அவருடைய முழங்கையில் பட்டது. அடி பட்டால் முதல் தளம் இலவசம், தளங்கள் நிறைந்துவிடும். கராஜில் எல்லோரும் எழுந்து கத்தினோம். அம்பயர் கையை ஆட்டி மறுத்தார். விலகப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே முழங்கையை நீட்டினார் என்றார். விதி அப்படித்தான், மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தோம், அம்பயர் சொன்னது சரி. டியாஸ் மீண்டும் நின்று, மூன்றாம் தளத்தை நோக்கித் தரையில் அடித்து அவுட் ஆனார். ஆட்டம் முடிந்தது. டியாஸைத் திட்டாதவர் அந்த அறையில் ஒருவர்தான். கோச் டிவியை அணைத்துவிட்டு ஸ்பானிஷில் ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டேன். 'நானாக இருந்தாலும் நீட்டியிருப்பேன்' என்றார்.

அதற்குப் பிறகு எட்டு நாளில் ஆஸ்ட்ரோஸ் கோப்பையை வென்றது, டியாஸுக்கும் சாம்பியன் மோதிரம் கிடைத்தது. ஓக்லண்ட் இரண்டு வருடத்துக்கு 1.45 கோடி டாலருக்கு எடுத்தது. 2024-இல் அதுவும் முடிந்தது. நல்ல ஆட்ட வாழ்க்கை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதன் நடுவில் ஓர் ஓட்டை இருக்கிறது, கிட்டத்தட்ட இரண்டு வருட அகலத்துக்கு. அதை இட்டு நிரப்பத் தன் திறமையில் பாதியைச் செலவழித்தார் என்பது என் கணக்கு. கோச்சுக்கும் அதே அகலத்தில் ஓட்டை. அவர் அதில் விழுந்துவிட்டார்.

இங்கேதான் உங்கள் முடிவு யாரைத் தாக்குகிறது என்று பார்க்கவேண்டும். நட்சத்திரத்துக்கு இரண்டு வருடம் போனாலும் கிளப் காத்திருக்கும். ஹொசே அப்ரேயு 6.8 கோடி டாலர் ஒப்பந்தத்தோடு சிகாகோவுக்கு வந்தவர். பொய்ப் பாஸ்போர்ட்டின் ஒரு பக்கத்தை விமானத்திலேயே கிழித்து பியரோடு விழுங்கினேன் என்று 2017-இல் மயாமி நீதிமன்றத்தில் அவரே சாட்சி சொன்னார். ஆட்கடத்தல் வழக்கு அது, முகவர் ஒருவரும் பயிற்சியாளர் ஒருவரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அப்ரேயுவால் அந்தக் காகிதத்தைச் செரித்துக்கொள்ள முடிந்தது. யூட்டிலிட்டி ஆளுக்கு என்ன இருக்கிறது? அவன் திறமையே ஓரத்துத் திறமை. இருபத்தாறு ஆட்டக்காரர் கொண்ட அணியில் அவன் இருபத்தைந்தாவது ஆள். மேஜர் லீகின் குறைந்தபட்சச் சம்பளம் 2024-இல் 7,40,000 டாலர். ஒரு படி கீழே டிரிபிள்-ஏ-யில், 2023-இல் உயர்த்திய பிறகும், வருடத்துக்கு 35,800. நடுவில் இருக்கும் கோடு எவ்வளவு மெல்லியது என்று டியாஸின் 2015 ஜூலை சொல்லும். அந்தக் கோட்டின் மேல் நடக்கிறவனிடம், முதலில் கடத்தல்காரனுக்குப் பங்கு கொடு, மூன்றாம் நாட்டில் குடியுரிமைக் காகிதம் தேடு, அம்மாவை எட்டு வருடம் மற, அப்புறம் வந்து ஆடு என்கிறீர்கள். முழங்கையை நீட்டினால்தான் தளம் என்று நீங்களே விதி எழுதுகிறீர்கள்.

கருவூலத் துறையினரே, உங்கள் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஒப்பந்தப்படி, ஆட்டக்காரரை விடுவதற்காகக் கிளப்கள் செலுத்தும் விடுவிப்புக் கட்டணம் கூட்டமைப்புக்குப் போயிருக்கும். அது கியூபா அரசின் அங்கம், ஆகவே கியூபா மீதான அமெரிக்கப் பொருளாதாரத் தடை பொருந்தும் என்கிறீர்கள். கியூபாவில் விளையாட்டு அரசின் கையில் இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் 2016-இல் அதே கூட்டமைப்பு அரசின் அங்கம் இல்லை என்று சொன்னதும் வாஷிங்டன்தான். அந்த மூன்று வருடத்தில் ஹவானாவில் மாறியது ஒன்றும் இல்லை, வெள்ளை மாளிகையில் ஆள் மாறினார். பணம் அரசுக்குப் போகக்கூடாது என்பதுதான் உங்கள் கவலை என்றால், இப்போது அது யாருக்குப் போகிறது என்று கேட்டீர்களா? படகுக்காரனுக்குப் போகிறது, பொய்ப் பாஸ்போர்ட் அடிப்பவனுக்குப் போகிறது.

வேறு வழியே இல்லை என்று யாரும் சொல்லவேண்டாம். ஜப்பானைப் பாருங்கள். கியூபாவின் லிவான் மொய்னேலோ 2017 முதல் ஃபுகுவோகாவில் ஆடுகிறார், கூட்டமைப்பு வழியாக முறையாகப் போனவர். அவருக்கு முன்பே அல்ஃப்ரெடோ டெஸ்பைன்யே போனார். ஆட்டம் முடிந்தால் ஊருக்குப் போகலாம், அம்மா கையால் சாப்பிடலாம். ஃபுகுவோகா உலகத்தின் அந்தப் பக்கம். ஃப்ளோரிடாவின் தென்முனையான கீ வெஸ்ட் ஹவானாவிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர்.

அவ்வளவு தூரம் போகவேண்டாம், நாடுகள் மோதும் 2023 உலக பேஸ்பால் கிளாசிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கிளப்களில் ஆடும் கியூபாக்காரர்கள் கியூபாவுக்காக ஆடலாம் என்று உங்கள் அலுவலகமே அனுமதி தந்தது. நட்சத்திரங்களான யோவான் மொன்காடாவும் லூயிஸ் ராபர்ட்டும் ஆடினார்கள், செய்திகளில் படம் வந்தது. அதே அணியில் ஆண்டி இபான்யெஸும் இருந்தார், அசல் யூட்டிலிட்டி இன்ஃபீல்டர். 2013-இல் சின்னப் பையனாகக் கியூபாச் சட்டை போட்டவர், பத்து வருடம் கழித்து மறுபடி போட்டார். வானம் இடிந்து விழவில்லை. மயாமி அரையிறுதியில் அமெரிக்காவிடம் 14-2 என்று தோற்றார்கள், அவ்வளவுதான். ஆனால் அணி ஊர் திரும்பியபோது, பந்து பிடிக்க உதவிக்கு வந்த கேட்சர் ஒருவர் திரும்பிப் போகவில்லை. இரண்டு வருடம் முன்பு, 2021-இல், மெக்சிகோவில் நடந்த 23 வயதுக்கு உட்பட்டோர் உலகக் கோப்பையிலிருந்து 24 பேரில் 12 பேர் திரும்பவில்லை. பாதி அணி. நேர்வழியை அடைத்ததால் யாரும் வராமல் இல்லை, ஓட்டலின் பின்படிக்கட்டு வழியாக வருகிறார்கள்.

இன்னொரு காட்சி. 2022 ஆகஸ்டில் ஆஸ்ட்ரோஸ் நட்சத்திரம் யோர்டன் ஆல்வாரெஸின் அப்பாவும் அம்மாவும் ஹூஸ்டன் மைதானத்தில் உட்கார்ந்து மகன் மேஜர் லீகில் ஆடுவதை முதல் முறையாக நேரில் பார்த்தார்கள். அவர் கியூபாவை விட்டு வந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஊரே கண் கலங்கியது, நானும்தான். சீசன் முடிந்த பிறகு ஒருநாள் கோச் அதைப் பற்றிச் சொன்னார்: 'அழகாக இருந்தது. 37 ஹோம் ரன் அடிக்கத் தெரிந்திருக்கவேண்டும்.' ஆல்வாரெஸ் அந்த வருடம் 37 அடித்தார்.

நான் கேட்பது இவை.

கருவூலத் துறைக்கு: 2019-இல் ரத்து செய்த அனுமதியைத் திரும்பக் கொடுங்கள். கூட்டமைப்புக்குப் பணம் போவதுதான் முள் என்றால், கட்டணத்தை மூன்றாவது நாட்டு வங்கி ஒன்றில் பூட்டிவைத்து, பிள்ளைகளுக்கான பந்து, கிளவுஸ், மைதானச் செலவுக்கு மட்டும் பொருளாக விடுவியுங்கள். அது முடியாவிட்டால், எந்தக் கட்டணமும் இல்லாத கீழ்மட்ட ஒப்பந்தங்களுக்காவது தனி அனுமதி கொடுங்கள். முதலில் யூட்டிலிட்டி ஆட்கள் வரட்டும், நட்சத்திரங்கள் பிறகு வரலாம்.

ஆணையர் அலுவலகத்துக்கு: மூன்றாம் நாட்டில் குடியேறினால்தான் சுதந்திரமாகக் கிளப் தேடலாம், நேராக அமெரிக்காவுக்கு வந்தால், கிளப்களே முறைவைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் வரைவுத் தேர்வுக்குள் போகவேண்டும் என்ற உங்கள் ஏற்பாட்டை எடுத்துவிடுங்கள். ஆட்களை மெக்சிகோவின் இஸ்லா முஹெரெஸ் தீவுக்கும் ஹைட்டிக்கும் தள்ளியது அதுதான். அதற்கு வாஷிங்டனின் கையெழுத்து தேவையில்லை, நீங்களும் ஆட்டக்காரர் சங்கமும் ஒப்புக்கொண்டால் போதும். வயதுக் காகிதத்தில் தவறு இருந்தால் அபராதம் போடுங்கள், ஆட்ட வருடங்களைப் பறிக்காதீர்கள். கீழ்மட்ட அணிகளில் இருக்கும் ஒவ்வொரு கியூபா ஆட்டக்காரருக்கும் அப்பா அம்மாவுக்கு விசா எடுக்கும் வழக்கறிஞர் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். கிளப் அவரை விடுவித்த பிறகும் இரண்டு வருடத்துக்கு அது தொடரவேண்டும்.

ஹவானாவுக்கு: எட்டு வருடத் தடையை நீக்குங்கள். அது முடியாது என்றால், பெற்றோர் நோய்வாய்ப்பட்டால், இறந்தால், பத்து நாள் வந்து போக அனுமதி கொடுங்கள். இதற்கு எந்த ஒப்பந்தமும் வேண்டாம், அமெரிக்காவும் வேண்டாம்.

எங்கள் அணியின் அடுத்த சீசன் பிப்ரவரியில் தொடங்குகிறது. அதற்குள் பதில் வந்தால் கோச்சுக்குப் படித்துக் காட்டுவேன். மூன்று பதில் வேண்டாம். மூவரும் உட்கார்ந்து பேசி ஒன்றாக எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஹூஸ்டனில் பிள்ளைகள் அணி ஒன்றின் ஸ்கோர் புத்தகக்காரி